திருச்சுழி நூலகத்துக் கருத்து நோட்டு

எண்பதுகளின் கடைசியில் திருச்சுழி நூலகத்தில் ஒரு கருத்து நோட்டு கிடந்தது. படித்த புத்தகங்களைப் பற்றி ஐந்தாறு பேர் அதில் எழுதி, ஒருவருக்கொருவர் பக்கம் பக்கமாகப் பதில் போடுவோம். எங்களில் ஒருவர் டெய்லர், இன்னொருவர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஒடிசலான ஆள். மற்றவர் எழுதியதை எழுத்தெழுத்தாக விரலால் தடவித்தான் வாசிப்பார்.

நோட்டைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். 'அருமை' என்று எழுதிப் பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். பிறகு வசவும் வந்தது. நாங்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் போனேன். கம்பவுண்டர் மட்டும் உட்கார்ந்து வேறொரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வாங்கிப் புரட்டினேன். எங்கள் எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது, இடையில் இறந்துபோன டெய்லருடையதும்கூட. போன வாரத் தேதியில் என்னுடையதும் இருந்தது.

"அண்ணே, இது நான் எழுதலையே."

"வந்திருந்தா இதத்தான எழுதியிருப்பீக?"

வாசித்தேன். ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை.

"டெய்லரு உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்காக. பதில் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் எழுத்தெழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நீங்க எழுதுன மாதிரி இல்லையே" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தார்.