அறிமுகத்தோடு எழுந்து போனவர்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. கோச்சடை முருகேசன் அண்ணன் போய்விட்டாராம். திரையில் கொரிய மாணவர்கள், “டீச்சர், என்னாச்சு?” என்றார்கள். சொன்னேன். அவர்களுக்கும் அவர்தானே வாத்தியார்! பாடத்தை ஓரம் கட்டிவிட்டு அவரைப் பற்றிப் பேசினோம். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது.

நம் ஆன்லைன் ஆங்கில மையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “வாரேன்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுகிற மனிதர்.

ஒருநாள் ‘ஃபிக்ஸ் அப்’ என்ற சொல்லை விளக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகாத இருவரைச் சந்திக்க வைப்பது என்று பொருள். உதாரணத்துக்கு நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தை அவிழ்த்துவிட்டார். வேன் நிறைய சொந்தக்காரர்கள், தாய்மாமன், கேசரி. ஒரு மாணவி குறுக்கிட்டாள்.

“அது ஃபிக்ஸ் அப் இல்லை சார். எங்கள் ஊரில் நண்பர் அறிமுகம் செய்துவிட்டு எழுந்து போய்விடுவார். முடிவு அந்த இருவருடையது.”

“பொண்ணும் பிடிக்கலைன்னு சொல்லலாமா?” என்று கேட்டார் அண்ணன்.

“ஏன் சொல்லக்கூடாது?”

பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது நான் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தேன். சோழவந்தானில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, நிறம் பத்தாது, உயரம் பத்தாது என்று சொல்லியனுப்பினார்கள். இனி எவன் முன்னாலும் போய் நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் கத்திவிட்டேன்.

மறுவாரம் அண்ணன் வந்தார். “தங்கச்சி, திருமங்கலத்துல உரக்கடை வச்சிருக்கான், நல்ல பையன். நீ நிக்க வேணாம். உக்காந்து காபி குடி. பிடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துரு.”

காபிக் கடையில் இருவர் பெயரையும் சொன்னார். “அம்புட்டுத்தான், நான் போறேன்” என்று எழுந்தார். நிஜமாகவே போய்விட்டார்! சாலைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலிருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! அதைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தோம். பேச்சு அங்கேதான் தொடங்கியது.

அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன். வீட்டில் தூக்கமில்லாமல் புரண்டதாகப் பிறகு அவர் மனைவி சொன்னார். நானாகப் போய், “அண்ணே, எனக்குப் பிடிச்சிருக்கு” என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

அதுவரை எத்தனையோ பேர் என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது என்று நானே சொன்னது அன்றுதான். அப்படிச் சொல்லும் உரிமைதான் அண்ணன் எனக்குத் தந்தது. அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.