பெயர் சொல்ல விரும்பாத தொழிற்சாலை

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் இளைய விரிவுரையாளன். தருவைகுளம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கழிவுநீரைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. கரையில் நண்டும் இறாலும் செத்து ஒதுங்கவே, மீனவர்கள் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். அதே சமயத்தில் எங்கள் பேராசிரியர் அந்தக் கடல்நீரை ஆராய ஆரம்பித்தார். குடுவை சுமந்துகொண்டு நானும் கூடப் போனேன்.

போட், டீசல், குடுவைகள் எல்லாம் தொழிற்சாலை தந்தவை. போட் என்றைக்கு வரும் என்பதும் அவர்கள் இஷ்டம். நாங்கள் போகும் நாளெல்லாம் கழிவு வாய்க்கால் காய்ந்து கிடக்கும். எடுத்த தண்ணீர் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே?

கட்டுரை தயாரானது. நன்றி சொல்வதில் பேராசிரியர் தாராளம். பிரின்சிபாலுக்கு, டைப் அடித்தவருக்கு, எனக்கு, டீ கொண்டுவந்த கேன்டீன்காரருக்குக்கூட நன்றி. தொழிற்சாலையை மட்டும் காணோம். கேட்டேன்.

"அவங்க பேரு வேண்டாம்னுட்டாங்க தம்பி. பெரிய மனசு."

அவர் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். அவர்கள் கோயிலில் காணிக்கைப் பட்டியல் வாசிக்கும்போது 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தார்' என்று வந்தால் சபைக்கே அவர்கள்மேல் தனி மரியாதை. அந்த வழக்கத்தை அப்படியே ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்துவிட்டார். தனக்கென்று ஒரு பைசா வாங்காத மனுஷர். அதுதான் என் வயிற்றெரிச்சல். திருடன் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"போட் அவங்களோடதுன்னு ஒரு வரி போடுங்க சார். படிக்கவன் தீர்மானிச்சுக்கிடட்டும்."

"அப்ப என்னையே சந்தேகப்படுதியா?" என்றார். முகம் வாடிப்போனது.

அந்த வரி இல்லாமலே கட்டுரை அச்சானது. அதை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கு யார் உதவினார்கள் என்பதைக் கட்டுரை எழுதியவர் விரும்பினால் போடலாம், கட்டாயமில்லை என்று பதில் வந்தது.

மனு விசாரணையில் தொழிற்சாலைக்காரர் அந்தக் கட்டுரையைத்தான் நீட்டினார். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கல்லூரி செய்த ஆராய்ச்சி என்றார். நான் எழுந்து போட்டைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் சொன்னேன். அதிகாரி கட்டுரையைக் கடைசிவரை புரட்டிவிட்டு, "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே," என்றார். மனு தள்ளுபடியானது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

வெளியே, மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட மீனவர் நின்றிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க ஊரு முழுக்க வள்ளமாத்தான கெடக்கு சார். ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா, வாய்க்கால் தொறக்க அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பமே."

போயிருந்தால் பேராசிரியர் அவர் பெயரைச் சந்தோஷமாக முதல் வரியிலேயே போட்டு நன்றி சொல்லியிருப்பார். மனுக் கொடுத்தவன் வள்ளத்தில் போய்ச் செய்த ஆராய்ச்சி என்று அந்த வரியைக் காட்டியே கட்டுரையைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.