பீரோவில் பூட்டிய படிப்பு

சோஹாரில் டீ குடிக்க யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. கடை முன்னால் காரை நிறுத்தி ஒரு ஹாரன் அடிக்கிறார்கள். உள்ளேயிருந்து ஆள் ஓடி வந்து என்ன வேண்டும் என்று கேட்டுப் போகிறார். இரண்டு நிமிடத்தில் காகிதக் கோப்பையில் கரக் சாயா ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது. ஓமனுக்கு வந்த முதல் வாரம் என் கணவர் அப்படி ஹாரன் அடித்தபோது நான் வெட்கத்தில் சீட்டுக்கு அடியில் புகாத குறை. எங்கள் சூலூரில் இப்படி அடித்தால் டீ வராது, கடைக்காரர்தான் வருவார். "ஏனுங்க, கை காலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதைக்கு நாலு திட்டு வாங்கிக்கொள்வதே மேல். இந்த நாட்டில் எனக்கு நேரப்போகும் அதிர்ச்சிகள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது உண்மைதான். ஆனால் அது இந்த ஊரிலிருந்து வரவில்லை, கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு தனியார் கல்லூரியில் ஐந்து வருடம் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு சோஹாரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. அவரோடு சேர்ந்து இருக்கலாம் என்று குடும்ப விசாவில் வந்து, இங்குள்ள தனியார் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன், வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முன் ஊரில் கேட்காத புத்திமதி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து கல்லூரி ஸ்டாஃப் ரூம் வரைக்கும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "அங்க வேலைக்குச் சேந்தா பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்குவாங்க. அப்பறம் அவங்க உட்டாத்தான் வர முடியும். சூதானமா இருந்துக்க." நானும் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால் வைத்துக்கொள்ளட்டும், வேலை என்றால் அப்படித்தானே.

பள்ளியில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஷம்சா என்ற ஓமானியப் பெண் இருந்தார். ஆசிரியர்களின் காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கறுப்பு அபாயா அங்கி, கூர்மையான கண்கள், மேசை மேல் ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம். பாஸ்போர்ட் வேண்டும் என்றார். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கும்பிடாத குறையாக நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டேன். தாழ்வாரத்தின் பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். "மிஸ் கவிதா! மிஸ் கவிதா!" ஷம்சா மூச்சிரைக்க ஓடி வருகிறார், கையில் என் பாஸ்போர்ட். நகல் எடுக்கத்தானே கேட்டேன், ஏன் விட்டுவிட்டுப் போகிறாய் என்றார். பள்ளிதானே வைத்துக்கொள்ளும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்களைத் திருடர்கள் என்று நினைத்தாயா? இது உன்னுடையது. நாங்கள் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இல்லை" என்று என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் பிடுங்காததை நானாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் பீளமேடு நினைவுக்கு வந்தது.

அங்கே வேலைக்குச் சேரும் நாளில் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட வேண்டும். பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல் முதல் எம்.எஸ்சி. பட்டம், பி.எட். பட்டம் வரை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு தாளாளர் அறை பீரோவுக்குள் போய்விடும். நடுவில் யாரும் வேறு வேலைக்கு ஓடிவிடக் கூடாதல்லவா, அதற்காக. அப்படி வாங்கி வைக்கக் கூடாது என்று விதி இருப்பதாக ஸ்டாஃப் ரூமில் யாரோ ஒருமுறை சொன்னார்கள். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். என் விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. தாளாளர் அவிநாசிப் பக்கத்துக்காரர், அம்மா வழியில் எங்களுக்கு மாமன் முறை. சூலூரில் தறி ஓட்டும் என் அப்பா, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, அதன் மேல் என் சான்றிதழ் ஃபைல். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி அதைத் தாளாளர் கையில் கொடுத்து, "உங்கள நம்பித்தான் உடறனுங்க" என்றார். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த ஃபைல் இன்னும் பீரோவில்தான் இருந்தது. வேலையை விட்டபோது கேட்டேன். வருடத்தின் பாதியில் போகிறீர்கள், வேறு ஆள் கிடைக்கட்டும், "பாக்கலாமுங்க" என்றார் ஆபீஸ் மேனேஜர். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நகல்களோடு விமானம் ஏறினேன். மாமன்தானே, அப்பா போய் ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவார் என்ற தைரியம். பள்ளியில் சேர்ந்த அடுத்த வாரமே ஷம்சா அசல் பட்டத்தைக் கேட்டார். கல்வி அமைச்சகத்தின் அனுமதிக்கு அது வேண்டும், மூன்று மாதத்துக்குள் அதில் அரசாங்க அத்தாட்சி முத்திரைகள் எல்லாம் வாங்கிக் கொடுக்காவிட்டால் வகுப்பறைக்குள் கால் வைக்க முடியாது. பட்டம் என் கல்லூரியில் இருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் நீ இன்னும் படித்து முடிக்கவில்லையா?" என்று கேட்டார். படித்த கல்லூரி இல்லை, வேலை பார்த்த கல்லூரி என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் போலக் கேட்டது.

சூலூருக்கு போன் போட்டேன். அப்பா மறுநாளே பீளமேட்டுக்குப் போனார். அதன் பிறகு நான்கு முறை போனார். ஒவ்வொரு முறையும் தாளாளர் எழுந்து நின்று வரவேற்று, பக்கத்தில் உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, தறித்தொழில் நிலவரம் விசாரித்து, வரப்போகும் தன் மகன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அனுப்பினார். ஃபைலைப் பற்றி மட்டும் பேச்சில்லை. "என்னங்கப்பா ஆச்சு?" என்று கேட்டால், "காபி எல்லாம் குடுத்தாரு கண்ணு. நல்ல மனுசன். அவ்வளவு மருவாதியா இருக்கறவருகிட்ட எப்படி அழுத்திக் கேக்கறது? பாக்கலாம்னு சொல்லிப்போட்டாரு" என்பார். அங்கே காபி ஆறியதோ இல்லையோ, இங்கே எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு மாதம் போய்விட்டது.

ஒரு நாள் ஷம்சா கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. போலிப் பட்டத்தோடு வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். உண்மையைச் சொல்லிவிட்டால் வம்பில்லாமல் ஊருக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். எம்.எஸ்சி.யில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். தறிச் சத்தத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தவள். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! அழுகையை அடக்கிக்கொண்டு, அப்படியானால் நீங்களே கேளுங்கள் என்று கல்லூரிக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் கொடுத்தேன். ஆபீஸ் மேனேஜர் திரையில் வந்தார். ஷம்சாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். "சர்டிபிகேட் எங்ககிட்டத்தான் மேடம், வெரி சேஃப். நோ வொரி" என்றார். ஷம்சா, "ஏன் உங்களிடம் இருக்கிறது? இவள் உங்கள் கைதியா?" என்று கேட்டார். அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று தலையையும் ஆட்டினார். ஷம்சா போனை அணைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். என் பட்டம் உண்மை என்று அவர் நம்பிவிட்டார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை என்னால்தான் தாங்க முடியவில்லை. வளைகுடாவில் அடிமையாகிவிடாதே என்று என்னை வழியனுப்பிய ஊர் செய்த காரியத்துக்காக ஒரு ஓமானியப் பெண் என் மேல் இரக்கப்படுகிறார். அதைவிட மோசம் என்னவென்றால், "பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்" என்று என் வாயே அவர்களுக்காகப் பேசியது.

அன்று சாயங்காலமே அப்பா கூப்பிட்டார். கல்லூரியிலிருந்து அவருக்குப் புகார் போயிருக்கிறது. "ஏன் கண்ணு, வெளியாள உட்டுப் பேச வெச்சுப்போட்டியே? மாமன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியவில்லை. "என்னைய போலிங்கறாங்கப்பா இங்க! உங்களுக்கு மாமன் மூஞ்சிதான் பெருசாப் போச்சுங்களா? அந்த ஃபைலத் தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தது யாருங்க, நானுங்களா?" என்று கத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர், "வெச்சர்றேன் அம்மணி" என்று வைத்துவிட்டார். சொன்னது நியாயம்தான் என்றாலும் சொல்லியிருக்க வேண்டாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். "காலைல ஒன்பது மணிக்கே உங்கப்பா கெளம்பிப் போயிட்டாரு. ஆபீஸ்ல போய் உக்காந்துட்டாராம். எப்பவும் போலக் காபி கொண்டாந்து வெச்சாங்களாம். வேண்டாமுங்கன்னுட்டாரு. தண்ணி கொண்டாந்தாங்க, அதையும் தொடல. தாளாளரே வெளிய வந்து, ஏனுங் மச்சான், காபியாச்சும் குடிங்கன்னு கையப் புடிச்சாராம். ஃபைல வாங்கிட்டுக் குடிக்கறனுங்க, இல்லீனா இனி உங்க ஊட்டுல கை நனைக்கறதா இல்லீங்கன்னு சொல்லிப்போட்டாரு அம்மணி. சத்தமாக் கூட இல்ல, மெதுவாத்தான் சொன்னாராம்." ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் உறவே அறுந்தது என்று அர்த்தம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதன் கனம் தெரியும். கேஸ் போடுவேன் என்றால்கூட மாமன் அசைந்திருக்க மாட்டார். சொந்தக்காரர் ஒருவர் தன் இடத்தில் பச்சைத் தண்ணீரைத் தொடாமல் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார், போகிற வருகிற ஆட்கள் எல்லாம் பார்க்கிறார்கள், அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். இரண்டு மணிக்கு பீரோ திறந்தது. ஃபைலை வாங்கிக்கொண்டு அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார். அப்போதும் காபியைக் குடிக்கவில்லையாம். கல்யாணத்துக்கும் போகப்போவதில்லை என்றார் அம்மா. நாற்பது வருட உறவு, என் ஃபைலோடு சேர்ந்து அங்கிருந்து வெளியே வந்துவிட்டது.

அப்பா ஒரு ஏஜென்ட் மூலம் முத்திரைகள் எல்லாம் வாங்கி ஃபைலை அனுப்பினார். கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது பொட்டலம் சோஹாருக்கு வந்து சேர்ந்தது. அசல் பட்டத்தை ஷம்சா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஸ்கேன் செய்தார், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எல்லாம் ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்துக்குத்தானா இந்த மூன்று மாதம் என்று அவர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பேரீச்சம்பழக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்து ஃபைலைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் காணவில்லை. கத்திய அன்றைக்குப் பிறகு அப்பாவும் நானும் நேராகப் பேசியிருக்கவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"ஏனுங்கப்பா, பத்தாவது மார்க் ஷீட்டக் காணோமுங்க. காலேஜ்லயே மாட்டிக்கிச்சுங்களா?"

"அங்க இல்ல கண்ணு. என்கிட்டத்தான் இருக்குது."

"உங்ககிட்டங்களா?"

"ஏஜென்ட் அது வேண்டாம்னுட்டாரு." பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. "எல்லாத்தையும் அனுப்பிப்போட்டா, அப்பறம் இங்க வாரதுக்கு உனக்கு என்ன இருக்குது? ஒண்ணாச்சும் இங்க இருக்கட்டும்னு எடுத்து வெச்சுட்டேன்."

மூன்று மாதமாக, காகிதத்தைப் பிடித்து வைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த கோபமான சொற்கள் அத்தனையும் தொண்டை வரை வந்தன. "சரிங்கப்பா" என்றேன். மேனேஜர் பார்க்கலாமுங்க என்றதற்கு நான் அன்று சொன்ன சரிங்க இல்லை இது, மனதாரச் சொன்னேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன். அவரும் என்னைக் கேட்டார்.

மறுநாள் ஷம்சா தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு, "கலாஸ், முடிந்ததா? எல்லாம் உன் கைக்கு வந்துவிட்டதா?" என்று கேட்டார். ஒன்று மட்டும் ஊரில் இருக்கிறது என்றேன். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இப்போது யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? நம்பரைக் கொடு" என்று போனை எடுத்தார்.

"யாரும் பிடித்து வைக்கவில்லை" என்றேன். "நான்தான் கொடுத்து வைத்திருக்கிறேன்."