டைரியின் இரண்டாவது வரி

காரமடையில் நண்பர் செக்கெண்ணெய்க் கடை திறந்த அன்றே, அவருடைய பிராண்டின் பெயரில் இருந்த இணைய முகவரியை என் பெயரில் பதிவு செய்துவிட்டேன். வியாபாரம் வளர்ந்ததும் அவரிடமே நல்ல விலைக்கு விற்கலாம் என்று எண்ணம்.

மூன்று வருடம் கழித்து அவர் கோவையில் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க, எங்க பேரை எவனோ களவாணிப்பய வெப்சைட்டுக்குப் பதிஞ்சுபோட்டானுங்க. நெட்டுல தேடுனா ஆருன்னு காட்ட மாட்டேங்குது. கடை தொறந்த தேதிக்கு அத்தாட்சி வேணும்னு வக்கீல் கேக்கறாருங்க. உங்க டைரியில இல்லாத நாளுங்களா?"

எடுத்து வந்தேன். முதல் வரியில் கடைத் திறப்பும் அங்கே சாப்பிட்ட கேசரியும் இருந்தன. இரண்டாவது வரியில், நான் பதிவு செய்த முகவரி, நேரத்தோடு. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

"வெரலை எடுங்க, போட்டோ புடிச்சுக்கறனுங்க."

எடுத்தேன்.

படித்தார். படம் எடுக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"களவாணின்னு வாயை உட்டுப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றே முகவரியை அவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் வந்துபோன நாளின் டைரிப் பக்கத்தில் இன்றுவரை என்னால் எதுவும் எழுத முடியவில்லை.