யாருக்கென்று சொல்லாத குழி

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில் பனி இறுகிவிட்டால் மண் கருங்கல்தான். கடப்பாரை போட்டால் கைதான் போகும். அதனால் தேவாலயத்துக் கல்லறையில் குழி வெட்டும் ஓர்டெல் இலையுதிர் காலத்திலேயே ஒன்றிரண்டு வெட்டிப் பலகை போட்டு மூடிவிடுவான். இந்தக் குளிரைத் தாண்டமாட்டார் என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள் அவன் காதோடு சொல்லிவைப்பார்கள். யாருக்கு என்று மட்டும் ஊரில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவன் மனுஷனா?

அந்த வருஷம் ஆர்டிஸ் வந்தாள். அவள் புருஷன் செல்மர், ஓர்டெலுக்கு உயிர் நண்பன். வயிற்றில் புற்று. வெறும் புண் என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அவருக்குத் தெரியவே கூடாது, ஓர்டெல்."

ஓர்டெல் அழுதுகொண்டே வெட்டினான். வெட்டி முடிக்கையில் செல்மரே காப்பியோடு வந்து நின்றான். போதாக்குறைக்கு, ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த நர்ஸம்மாவும் காரை நிறுத்தினாள்.

"இது யாருக்குங்க?"

"எனக்குத்தான்னு வச்சுக்கோங்க." வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"உன் தொந்திக்கு இன்னும் ரெண்டடி அகலம் வேணும்டா!" என்று செல்மர் சிரித்தான்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்துத் தனியாக இருக்கும் ஆள், கண் சிவந்திருக்கிறது, தனக்கே குழி வெட்டுகிறான். அவள் தகவல் கொடுக்க, மறுநாள் போலீஸ் வந்து அவனை மனநல மருத்துவமனையில் தள்ளிப் பூட்டியது.

அவனை அங்கேயே வைப்பதா விடுவதா என்று கோர்ட்டில் விசாரணை. நண்பனுக்குச் சாட்சி சொல்ல வந்த செல்மர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கோட்டு அவன் மேல் தொளதொளத்தது. பக்கத்தில் ஆர்டிஸ் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு இல்லேன்னா வேற யாருக்கு வெட்டுனீங்க?" என்றார் நீதிபதி.

ஒரே ஒரு பெயர். சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். செல்மர் பக்கம் பார்வை போகாமல் ஓர்டெல் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"அதைச் சொல்ற வழக்கம் எங்ககிட்ட இல்லீங்க."

"இவன் பிடிவாதக்காரன்தாங்க, பைத்தியம் இல்ல," என்று செல்மர் எழுந்து கத்தினான். யார் காதில் விழுந்தது? ஓர்டெல் தன் நோயைத் தானே உணராதவர் என்றார் டாக்டர். ஆறு மாதம் உள்ளே.

அவனுடைய வக்கீல் நோரா மேல்முறையீடு செய்தாள். அது கிடப்பில் கிடக்கும்போதே, கிறிஸ்துமஸ் கழிந்து செல்மர் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு ஓர்டெலை அனுப்பவில்லை. அவன் வெட்டிய குழியிலேயே இறக்கினார்கள்.

ஆர்டிஸ் நோராவிடம் ஓடினாள். "அது எங்க வீட்டுக்காரருக்குன்னு நான் வந்து சொல்றேம்மா!"

"மேல்கோர்ட்டுல, அன்னிக்கு விசாரணையில பேசினதை மட்டும்தான் படிப்பாங்க. புதுசா ஒரு வார்த்தை சேர்க்க முடியாதும்மா."

அப்படியே ஆயிற்று. குழிக்கு வேறு விளக்கம் எதுவும் பதிவில் இல்லை, உத்தரவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதை ஓர்டெலிடம் சொல்ல மருத்துவமனைக்கு வந்த ஆர்டிஸ், "நானாவது அன்னிக்கு வாயத் திறந்திருக்கணும்," என்று தேம்பினாள்.

"கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டான் ஓர்டெல்.

"தெரியாது. பனி உருகினதும் உன்கூட மீன் பிடிக்கப் போகணும்னு தூண்டிலத் தொடச்சு வச்சிருந்தாரு."

"அப்பச் சரி," என்றான்.

அவள் போனதும் கதவு பூட்டிக்கொண்டது. அப்போதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. செல்மர், செல்மர் என்று அலறிக் கதவில் முட்டினான். காவலுக்கு இருந்த பெண் எட்டிப் பார்த்து, செத்தவரோடு பேசுகிறார் என்று எழுதிக்கொண்டாள்.