திரும்பிப் பார்க்கிறவள்

கால்பந்தில் பாதி ஆட்டம் கழுத்தில்தான் இருக்கிறது. பந்து வந்து சேர்வதற்குள் இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பின்னால் யார், எங்கே இடம் காலி என்று மனதுக்குள் ஒரு படம் விழ வேண்டும். கடத்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை நான். பெண்களுக்கு இதைத்தான் முதலில் கற்றுத் தருவேன். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி விரல் காட்டி நிற்பாள். பந்தைத் தொடும் முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தெருவில் நடக்கும்போதும் பழகுங்கள், பின்னால் வருவது வண்டியா மாடா என்று பார்த்துக்கொண்டே நடங்கள் என்பேன்.

எங்கள் நடு ஆட்டக்காரி, பத்தாம் வகுப்புக்காரி, அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மாவட்டத் தேர்வுப் போட்டியில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், மேலே படிப்பு. இல்லையென்றால் பத்தாவதோடு நிறுத்தித் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பதாகப் பேச்சு. போட்டி நெருங்கும் நேரத்தில் அவள் பயிற்சிக்கு வருவது நின்றுபோனது.

வீட்டுக்குப் போனேன். அந்த மாமன்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பஸ் ஸ்டாண்டுலருந்து வூடு வர்ற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க டீச்சர். எவன் பின்னால வர்றானோ தெரியல."

"யாரும் வரலைங்க. நான்தான் பாக்கச் சொன்னேன். அது ஆட்டத்துக்குப் பயிற்சி."

"பொட்டப்புள்ள திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு பயிற்சியாங்க?" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிற மனிதர் அவர். "நீங்க வண்டி ஓட்டறப்ப கண்ணாடியில பின்னால பாக்கறீங்களே, அது எவளைப் பாக்கறதுக்குங்க?" என்று கேட்டே விட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் அவள் அப்பாதான் வாயைத் திறந்தார். "போவட்டும் டீச்சர். ஆனா தலையக் குனிஞ்சி அடக்கமா ஆடச் சொல்லுங்க. மச்சானும் கூட வருவாரு."

நல்ல நியாயம். கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்கு ஒரு காவலும் வேறு.

போட்டியன்று மைதானத்தின் கோட்டோரம் கைகட்டி நின்றார் மாமன். முதல் பந்து அவளிடம் வந்தது. வழக்கம்போலக் கழுத்து திரும்பியது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறை இடிபட்டுக் கீழே விழுந்தாள். "பாரு, திரும்பிப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் மண்ணையே பார்த்தாள்.

தேர்வாளர் என்னிடம் வந்தார். "கால் நல்லாருக்குங்க மேடம். ஆனா சுத்தி என்ன நடக்குதுன்னே பாக்கத் தெரியல. இதைக்கூடச் சொல்லித் தரலையா நீங்க?"

பட்டியலில் அவள் இல்லை. மாமன் என் பக்கம் வந்து, மனதாரச் சொன்னார்: "நான்கூட உங்களத் தப்பா நெனச்சிட்டேனுங்க டீச்சர். புள்ள நல்ல அடக்கமா ஆடுச்சு."

கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். இல்லையென்றால் அன்றைக்கு என் வேலை போயிருக்கும்.