பத்மா அக்காவின் மெழுகுக் கட்டி

போன வாரம் மகள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். "அப்பாவுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது, குக்கர் சத்தம் கேட்டா மட்டும் ஓடி வந்துருவாரு" என்று மகள் சிரித்தாள். உண்மைதான். குக்கரில் நான் சோறு வைத்ததே இல்லை. வேகவைத்ததெல்லாம் மனிதச் சதை.

பயந்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். வெட்டியெடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவோம். ஃபார்மலின் சதையை இறுக்கிவிடும். புளிப்பு வாடை அடிக்கும் சிட்ரேட் கரைசலில் கொதிக்க வைத்தால்தான், நோயின் வகையைக் காட்டும் ஆன்டிபாடி உள்ளே போய் ஒட்டும். அதற்காகக் கடைத்தெருவில் சமையல் குக்கர் வாங்கி வந்தவர் என்னோடு வேலை பார்த்த பத்மா அக்கா. பட்டர்வொர்த்திலிருந்து கடலைத் தாண்டி ஃபெரியில் எங்கள் தீவுக்கு வருவார். "என்னா தம்பி, கறி வெந்துருச்சா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

ஒருநாள் அவர் மார்பிலிருந்து எடுத்த கட்டியே எங்கள் மேசைக்கு வந்தது. ஆன்டிபாடி ஒட்டிச் சாயத்தில் பழுப்பு ஏறினால் புற்றுநோய் மாத்திரையில் கட்டுப்படும். வெறும் நீலமாக நின்றால் அந்த வழி இல்லை. யாரையும் தொடவிடாமல் அக்காவே தன் சதையைக் குக்கரில் வைத்தார். அன்றைக்குக் கறி பற்றி யாரும் பேசவில்லை.

சாயம் ஏற்றிப் பார்த்தால் நல்ல பழுப்பு. அக்கா மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. பிறகு, "எவ்ளோ அழகா வந்துருக்கு பாரு லா. இனிமே என்னோடதயே கண்ட்ரோலா வச்சுக்குங்க" என்றார். சாயம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, கட்டாயம் பழுப்பாகும் ஒரு துண்டை ஒவ்வொரு முறையும் கூடவே வைப்போம். அதுதான் கண்ட்ரோல். பெரிய டாக்டரும் சரி என்றார்.

மாத்திரை சில வருஷம் அக்காவைக் காப்பாற்றியது. அப்புறம் முடியவில்லை. அவரை எரித்துவிட்டு வந்த மறுநாளும் வேலை இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் சதையோடு அக்காவின் சீவலையும் குக்கரில் வைத்தேன். அதே பழுப்பு. எரித்தாகிவிட்ட ஒருவரை மறுபடி மறுபடி கொதிக்க வைப்பது என்ன பிழைப்பு என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை.

மெழுகுக் கட்டியில் சதை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கத்தியில் வெறும் மெழுகுதான் சுருண்டு வந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று சீவிக்கொண்டே இருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னா அண்ணே, தீந்துருச்சா? வேற எடுக்கவா?"

நான் இன்னும் ஒன்று சீவினேன்.